உடையாத குடத்துக்கு ஒரு தமுக்கு

புதுக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தே தலை நரைத்துப் போனவர் செபமாலை. வாரம் முழுவதும் யார் யாருடைய கல்யாணப் பத்திரிகைக்கோ எழுத்துப் பொறுக்குவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், முதலாளி மனமிரங்கி விட்டுக்கொடுத்த இயந்திரத்தில் தமக்கென்று ஒரே ஒரு தாள் அடிப்பார். அதன் பெயர் ‘தமுக்கு’.

அவர் அப்பா ஊருக்குத் தமுக்கடித்தே செத்தவர். பெரிய வீட்டு உத்தரவுகளைத் தெருத் தெருவாகச் சொன்ன அந்த வாய், தன் பசியை ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ஆற்றாமைதான் மகன் கையில் தாளாயிற்று. பெரிய பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத சேரிச் செய்திகள் அதில் வரும். எழுத்துத் தெரிந்த ஒருவர் படிக்க, சேரியே சுற்றி உட்கார்ந்து கேட்கும்.

ஆண்டுகள் போயின. இருமல் வந்தது. கண் மங்கியது. தீண்டாமைக்குத் தண்டனை உண்டு என்று சட்டமும் வந்தது. ஊருணிகள் மட்டும் சேரிக்குத் திறக்கவில்லை.

சட்டம் வந்த மறு வருடக் கோடையில், திருவரங்குளத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், செவந்தி என்ற சேரிப்பெண் ஊருணியில் தண்ணீர் மொண்டாள். பண்ணையார் ஆண்டியப்பன் அவளைக் கன்னத்தில் அறைந்து, குடத்தைப் பிடுங்கிப் படியில் போட்டு உடைத்தார். செபமாலை அதைத் தாளில் போட்டார். செவந்தியின் பெயரையும் போட்டார். அடித்தவர் பெயருக்கு வந்தபோது, எடுத்த எழுத்தைத் திரும்பப் பெட்டியிலேயே போட்டார். வழக்குப் போட்டால்? ‘ஒரு பெரிய மனிதர்’ என்று கோத்து முடித்தார்.

தாள் ஊருக்குப் போன சில நாட்களில் செவந்தியே அச்சக வாசலில் வந்து நின்றாள்.

“அடிச்சவரு பேரை ஒளிச்சுட்டு அடிபட்டவ பேரைப் போட்டீங்களேண்ணே! இது எந்த ஊரு ஞாயம்?”

செபமாலை கை மையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“நாங்க குடியிருக்கிறது அவரு மண்ணு. சேதி பொய்யின்னு எம்புருசனே தமுக்கடிக்கணுமாம். நீங்க வந்து கேட்டு, ஒரு சொல்லு மாறாம தாள்ல போடணுமாம். இல்லாட்டி கூரையைப் பிச்செறிஞ்சிடுவாராம்.”

“பொய்யின்னு நானே போட்டா இனிமே இந்தத் தாளை யாரு தாயி நம்புவா?”

“நம்பாட்டிப் போறாங்க. எம்புள்ளைகளுக்குக் கூரை வேணும்.”

வாதாட அவரிடம் தெம்பில்லை. “போட்டுடுறேன் தாயி. அதோட தாளையும் நிறுத்திடுறேன்.”

மறுநாள் பஸ் ஏறிப் போனார். செவந்தியின் கணவன் கருப்பையாதான் அந்த ஊர்த் தமுக்குக்காரன். யார் உத்தரவு என்று முதலில் சொல்ல வேண்டும். சொல்லிக் கொடுத்ததில் ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஒரு தெருவையும் விடக் கூடாது. அது ஊர்க்கட்டு. ஆண்டியப்பன் ஆத்திரத்தோடு தம் வாயாலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்.

தமுக்கு அதிர்ந்தது.

“பண்ணையார் ஆண்டியப்பன் உத்தரவு! ஊருணிக்கரையில அவரு செவந்தியைக் கன்னத்துல அறையலை! அவ குடத்தைப் பிடுங்கிப் படியில போட்டு ஒடைக்கலை! அவ ஆத்தாளை இழுத்து அசிங்கமா ஒரு வார்த்தையும் பேசலை!”

செபமாலை திடுக்கிட்டார். ஆத்தாளைப் பேசியது தாளில் வரவே இல்லையே!

வாசல் தோறும் பெண்கள் கூடினார்கள்.

“அறையலையாம்டி! கன்னம் தானா வீங்கிக்கிருச்சு.”

“குடத்துக்குச் சளி புடிச்சு, தும்மி ஒடைஞ்சிருக்கும்!”

இரண்டாம் தெருவிலேயே ஆண்டியப்பன் ஓடி வந்தார். “போதும்டா! நிறுத்துடா!”

“மேலத்தெரு பாக்கி இருக்குங்க. தெருவை விட்டா ஊர்க்குத்தமாயிருங்களே!” என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் கருப்பையா நடந்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தமுக்கின் மேல் மட்டும் அவன் கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

செவந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா? அவளுக்கே தெரிந்திருக்காது.

“இதை அப்படியே போடுங்கண்ணே,” என்றாள். “அவரு கேட்டபடியே. ஒரு சொல்லும் கொறையக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை செபமாலை எழுத்துப் பெட்டியின் முன் நின்றார். தோள் கழன்று விழுவது போல் வலித்தது. நிறுத்திவிடலாம் என்று நினைத்த தாள், நிறுத்த முடியாத தாளாகிவிட்டதே! போன வாரம் பின்வாங்கிய விரல்கள் ‘ஆ’வைத் தேடி எடுத்தன. பிறகு ‘ண்’. பிறகு ‘டி’.

பண்ணையார் கேட்ட மறுப்பு ஒரு சொல் மாறாமல் வந்தது. கூரை மேல் கை வைக்க அவருக்கு வழியில்லை. ஊருணித் தண்ணீர்தான் செவந்தியின் புதுக்குடத்துக்கு இன்னும் வரவில்லை.