மேடத்துக்கு எதுக்குங்க ட்யூப் ஆம்ப்?

போன சனிக்கிழமை பாண்டிச்சேரியில் ஒரு இசைக்கருவிக் கடையில், என் வாழ்க்கையில் முதன்முறையாகப் பொது இடத்தில் கத்தினேன்.

கத்தியது சரியா, தப்பா? முழுசாகக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு வயது நாற்பத்து நான்கு. விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்கிற ஒரு கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில் வேலை. சூளையிலிருந்து வருகிற சரக்கில் சிலதை எடுத்து, ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றி, தாங்குகிறதா வெடிக்கிறதா என்று பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிப்பேன். இருபது வருஷமாக. அங்கே கிட்டார் அடக்கமாக, பாட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நின்றிருக்கிறேன்.

ஆனால் வீட்டில் நான் வாசிப்பது ஹெவி மெட்டல் ராக்.

சிரிக்காதீர்கள். எனக்கு அந்த உறுமல் பிடிக்கும். அதற்குத்தான் ஹை-கெய்ன் ட்யூப் ஆம்ப், அதாவது சிக்னலை ஏகத்துக்கும் ஏற்றுகிற ஆம்ப்ளிஃபையர், வேண்டும். பழைய வால்வு ரேடியோவுக்குள் கண்ணாடிக் குழாய்கள் சிவந்து எரியுமே, அதேதான். கிட்டாரிலிருந்து வரும் துளி சிக்னலை ஒரு ட்யூப் பெரிதாக்கி அடுத்ததற்குத் தள்ளும். அது இன்னும் பெரிதாக்கும்... கடைசியில் தாங்க முடியாமல் சத்தம் உடையும். அந்த உடைசல்தான் எனக்கு வேண்டும். ஆனால் கம்பியை உள்ளங்கையால் அமுக்கினால் கப்பென்று நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டு அலறினால் அது ஆம்ப் இல்லை, தலைவலி.

ஆக, என்ன வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கூடவே என் கணவர் சேவியர். கணக்கு வாத்தியார், நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல மனசு வருமோ என்னவோ.

கடைக்குள் போனோம். கிட்டார் என் முதுகில் இருக்கிறது. விற்பனையாளர் யாரிடம் பேசினார் தெரியுமா?

"வாங்க சார்! பையனுக்கா, பொண்ணுக்கா?"

"மிஸ்ஸஸுக்கு," என்றார் சேவியர்.

"ஓ... அப்ப கீபோர்டு காட்டட்டுமா சார்?"

"ஹை-கெய்ன் ட்யூப் ஆம்ப் பார்க்கணும். பதினஞ்சு, இருபது வாட் போதும். வீட்ல வாசிக்கறதுக்கு," என்றேன் நான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சார், மேடத்துக்கு எதுக்குங்க ட்யூப் ஆம்ப்? உள்ளாற ஹை வோல்டேஜ் இருக்குது. ஏதாச்சும் ஆயிடுச்சின்னா..."

ஹை வோல்டேஜ். என்னிடம்.

பிறகு ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "ஒரிஜினல் ட்யூப் சார். உள்ள எரியறது பாருங்க." ஸ்விட்சைப் போட்டார். போட்ட அதே நொடியில் முன்பக்கக் கம்பிவலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று எரிந்தது.

ட்யூப் அப்படி எரியாது. அது சூடாவதற்கே அரை நிமிஷம் பிடிக்கும். பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். டிபன் கேரியர் மாதிரி வந்தது. ட்யூப் ஆம்ப் என்றால் உள்ளே கனமான ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கும், தோள் இறங்கிவிடும். பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். பேருக்கு ஒரே ஒரு குட்டி ட்யூப். அதற்குப் பின்னால் ஒரு எல்இடி பல்பு!

"இது ட்யூப் வெளிச்சம் இல்லைங்க. எல்இடி," என்றேன்.

அவர் சேவியரைப் பார்த்துப் புன்னகைத்தார். "மேடம் யூட்யூப் நெறைய பாப்பாங்க போல சார்."

என் கணவர் என்ன செய்தார்? சிரித்தார்.

"அவ எப்பவுமே இப்படித்தாங்க," என்றார்.

கோபம் எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? நெஞ்சிலிருந்தா? இல்லை. எனக்கு முழங்காலிலிருந்து வந்தது. "மேல ரேக்குல ஒரு நெஜ ட்யூப் ஆம்ப் இருக்கே, அதை எறக்குங்க," என்றேன். "எங்க ஆளு வாசிச்சுக் காட்டுவாரு மேடம்..." "நான் வாசிக்கணும். எறக்குங்க!" அதுதான் அந்தக் கத்தல். கடையே திரும்பியது.

இறக்கினார்கள். இந்த இடத்தில் நான் பிரமாதமாக வாசித்து எல்லோர் வாயையும் அடைத்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அது இல்லை. இருபது வருஷமாக வாசிக்கிற விரல் தப்பான கட்டையில் போய் உட்கார்ந்தது. இரண்டு முறை பிசகியது. விற்பனையாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பக்கத்து ஸ்டூலில் ஒரு காலேஜ் பையன் அரை மணி நேரமாக ஒரே மூன்று கிட்டார் கார்டைத் தப்புத்தப்பாக அடித்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் தப்பாக வாசித்தால் பழகுகிறான் என்று அர்த்தம். நான் தப்பாக வாசித்தால்? எனக்கு எதற்கு என்று அர்த்தம். ஒரு கடையில் ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்க நான் மேதையாக இருக்க வேண்டுமா?

கிட்டாரைப் பையில் போட்டேன். வெளியே வந்துவிட்டேன்.

பஸ் நெய்வேலி தாண்டியது. பிறகு அவரே ஆரம்பித்தார். "நான் என்னா தப்பா சொல்லிட்டேன் ஸ்டெல்லா?"

"எப்பவுமே இப்படித்தான்னா... எப்படி?"

"அது சும்மா பேச்சுக்கு..."

"அந்தாளு என்னை மதிக்கல. சரி, அவருக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் இல்ல? நான் சொன்னது சரின்னு உங்களுக்குத் தெரியும் இல்ல? தெரிஞ்சும் அவரோட சேர்ந்து சிரிச்சீங்களே..."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். ஊர் வந்து இறங்கும்போது சேவியர், "தப்புதான்," என்றார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் சரியாகிவிடுமா என்ன? ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய ட்யூப் ஆம்ப், ஹை-கெய்ன், இருபது வாட். இடம் எங்கே தெரியுமா? பாண்டியும் இல்லை, சென்னையும் இல்லை. மங்கலம்பேட்டை! நம்மூரிலிருந்து அரை மணி நேரம். விளம்பரம் போட்டு மூன்று மாதமாகியும் விற்கவில்லை. நல்ல பொருள் ஏன் விற்காமல் கிடக்கிறது? சந்தேகத்தோடுதான் போனேன். சேவியர் தானே வந்து ஸ்கூட்டரை எடுத்தார்.

கதவைத் திறந்தவர் ஷாகிதா. என் வயதுதான் இருக்கும். கணவர் துபாயில் ஒரு ஹோட்டலில் கிட்டார் வாசிக்கிறாராம். அங்கே வேறு ஆம்ப் வாங்கிவிட்டதால் இதை விற்கச் சொல்லியிருக்கிறார்.

ஷாகிதா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். என் முதுகிலிருந்த பையைப் பார்த்தார்.

"நீங்கதான வாசிக்கிறது?"

இவ்வளவுதான் கேள்வி. இதைக் கேட்க ஒரு மனுஷருக்கு எவ்வளவு நேரமாகும்? சேவியர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"நான்தாங்க," என்றேன்.

"வாங்க. ஸ்பீக்கர் வயர் மாட்டாம ஆன் பண்ணிடாதீங்க, ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும். மொதல்ல இந்த ஸ்விட்சு. அரை நிமிஷம் கழிச்சுத்தான் அந்த ஸ்விட்சு. மாசத்துக்கு ரெண்டு தடவ நான் போட்டுப் பாத்துடுவேன். போன வருஷம் ஒரு ட்யூபு போயிடுச்சு, அவரு போன்ல சொல்லச் சொல்ல நான்தான் மாத்துனேன்."

"இவ்ளோ நல்லா வெச்சிருக்கீங்க... ஏன் இன்னும் விக்கலை?"

அவர் முகம் மாறியது. "ஏழு பேரு வந்தாங்க. நான் வெளக்கம் சொல்ல ஆரம்பிச்சாலே, 'வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா'ன்னு கேக்கறாங்க. இல்லைன்னா, 'அவரு வரட்டும், அப்புறம் பேசிக்கறோம்'னு போயிடறாங்க. பத்து வருஷமா இந்தப் பொட்டியத் தொடச்சு வெக்கிறவ நான். எனக்குத் தெரியாதாம்!"

சொல்லும்போது அவர் குரல் உயர்ந்தது. அடடா, இந்தக் குரல் எனக்குத் தெரியுமே என்று இருந்தது.

ஸ்விட்சைப் போட்டோம். காத்திருந்தோம். ட்யூப்கள் மெதுவாகச் சிவந்தன. கீழ்க்கம்பியை அடித்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உள்ளங்கையை வைத்தேன். கப்பென்று நின்றது. சத்தத்தைக் குறைத்து வாசித்தேன். அப்போதும் உறுமல் தேயவில்லை. இந்த முறை விரல் பிசகியபோது யாரும் தொண்டையைச் செருமவில்லை.

"கெய்ன இன்னும் ஏத்துங்க," என்றார் ஷாகிதா, கதவில் சாய்ந்தபடி. "பாதியில வெச்சிக்கினு என்னா பண்ணப் போறீங்க?"

ஏற்றினேன். பத்தில் எட்டு வரைக்கும். தெரு நாய்கள் குரைத்தன. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்... வேண்டுமென்றே இன்னொரு முறை அடித்தேன்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம். ஆம்பைச் சேவியர்தான் தூக்கினார். நல்ல கனம். எதிர்வீட்டு சார் வாசலில் நின்று, "என்னா வாத்தியாரே, கிட்டார் கத்துக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

மூச்சு வாங்க, "அவளைக் கேளுங்க சார்," என்றார் சேவியர்.

அவரோடு எனக்குச் சமாதானம் ஆகிவிட்டதா? பாதி. கடைமேல் கோபம் போய்விட்டதா? துளிகூட இல்லை. எல்இடியை ட்யூப் என்று விற்பது பொய். அதைக் கண்டுபிடித்தவளைக் கேலி செய்து விரட்டுவது அதைவிடப் பெரிய பொய். இன்றும் அந்தப் பெட்டி அங்கே ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

அந்தக் கடைக்காரர் இதைப் படித்துவிட்டு மறுப்பு எழுத நினைத்தால் தாராளமாக எழுதலாம் — தயவுசெய்து என் கணவர் பெயருக்கு அனுப்ப வேண்டாம், இதை எழுதியது நான்.