புது அலமாரியும் சௌந்திரத்தின் கண்ணும்

சங்ககிரிப் பக்கத்தில் வள்ளியாத்தாளைப் போல நிமிர்ந்து நடந்தவள் கிடையாது. சாமி கும்பிடும்போதுகூடக் கண்ணை மட்டும்தான் தாழ்த்துவாள்.

எண்பத்து நாலில், லாரி ஓட்டும் மகன் கந்தவேலுக்குக் கல்யாணம் முடித்து, நெடுஞ்சாலையோரம் கட்டிய புது வீட்டில் குடிவைத்தாள். மணமக்கள் அறைக்குக் கட்டில், சுவர் நீளத்துக்கு அலமாரி, பரண் கதவு எல்லாம் சேலத்திலிருந்து வந்து இறங்கின. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. வெளியே முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு; உள்ளே ஒன்றும் பூசாத வெறும் பலகை. லாரிப் புழுதி படியக்கூடாதென்று வள்ளியாத்தாள் சன்னல்களைத் திறக்கவே விடவில்லை. அந்த அறையிலிருந்து ஒரு பல்லி இருமிக்கொண்டே வெளியேறியது. நம்பாவிட்டால் போங்கள்.

ராசிபுரத்து மருமகள் சௌந்திரம் தினமும் சிவந்த கண்ணோடு எழுந்து வந்தாள்.

“ஏம்புள்ள அழுவற?”

“அழுவலீங்க அத்தை. கண்ணு எரியுதுங்க.”

“எங்களுக்கெல்லாம் எரியலியே?”

வேறு யாரும் அங்கே படுக்கவில்லை. கந்தவேல் பாதி நாள் பம்பாய்ச் சாலையில் இருப்பான். வீட்டில் படுத்த நாளில் கண் எரிந்தால் டீசல் புகையென்பான். சௌந்திரம் தாய் வீடு போனாள், கண் தெளிந்தது. திரும்பி வந்தாள், மறுபடி சிவந்தது. வள்ளியாத்தாளுக்கு அது போதும்.

“தாய் ஊட்டுல சிரிக்கறா, இங்க வந்தா அழுவறா. மனசுல ஆரோ இருக்கறான்” என்று கிணற்றடியில் சொல்லி வைத்தாள். பேச்சு ஓமலூர் போய்ச் சேர்வதற்குள் அந்த ‘ஆரோ’வுக்கு மீசை முளைத்து, சைக்கிளும் வந்துவிட்டது.

சௌந்திரம் பையைத் தூக்கிக்கொண்டு ராசிபுரத்துக்குப் பஸ் ஏறினாள்.

அன்றைக்கே வள்ளியாத்தாள் அந்த அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். அந்த ஆரோவுக்கு ஏதாவது அடையாளம் அகப்படுமா என்று அலமாரிக்குள் தலையை விட்டுச் சேலைகளைக் குடைந்தாள். ஒன்றும் இல்லை. ஆனால் மூக்கு ஒழுகியது, தொண்டை கமறியது. கண்ணாடியில் பார்த்தால் சௌந்திரத்தின் கண் அவள் முகத்தில் இருந்தது. கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே சேலத்துக்குப் போய்க் கேட்டாள். சாமான் விற்ற பலகைக் கடை பஷீர் அகமது மழுப்பவில்லை. “பசையிலேர்ந்து வர்ற ஆவிம்மா. ஃபார்மால்டிஹைடுன்னு பேரு. சில தேசத்துல, வீட்டுக்குப் போற பலகைன்னா இவ்வளவுக்கு மேல வரக்கூடாதுன்னு அளந்துதான் விக்க விடுறாங்க.”

“இங்க ஆரும் அளக்கறதில்லீங்களா பாய்?”

“யாரும்மா கேக்குறாங்க? நீங்களும் பளபளப்பைத்தானே கேட்டீங்க?” என்றவர் தலையைத் தடவிக்கொண்டார். “நானும் சொல்லியிருக்கணும். எனக்குப் பழகிடுச்சு.”

ராசிபுரத்துக்குப் போய் வள்ளியாத்தாள் சொன்னதையெல்லாம் சௌந்திரம் நின்றபடியே கேட்டாள். “எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவப் போவுது? ஆருகிட்டச் சொன்னீங்களோ அவங்ககிட்டச் சொல்லுங்க. நானும் கூட வாரேன்.”

கிணற்றடிப் பெண்களையெல்லாம் கூட்டி வந்து அந்த அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள் வள்ளியாத்தாள். போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் எல்லோர் கண்ணும் சிவந்துவிட்டது. முத்தாயம்மாள் முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். “ஏனுங்க அக்கா, நம்ம மனசுலயெல்லாம் ஆருங்க இருக்கறான்?”

அறையே சிரித்தது. சௌந்திரம் சிரிக்கவில்லை.

“என்ற வாய்தான் தப்பு. புள்ள மேல ஒரு குத்தமுமில்ல” என்றாள் வள்ளியாத்தாள், தரையைப் பார்த்து.

பலகைச் சாமானெல்லாம் வெளியே போயிற்று. பேச்சுதான் போகவில்லை. மாமியாரும் மருமகளும் ஓமலூர் போய் ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டிலும் விவரத்தைச் சொன்னார்கள். ஒருத்தி பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, “அதெல்லாஞ் சரிங்க. அந்தப் பையன் எந்த ஊருங்க?” என்றாள்.

“அப்பிடியொரு பையனே இல்லீங்க. என்ற வாயில பொறந்தவன்.”

திரும்பும் பஸ்ஸில் வள்ளியாத்தாள் நிமிரவே இல்லை. வெகுதூரம் வந்தபின் சௌந்திரம் கேட்டாள்.

“நாளைக்கு மேச்சேரிச் சொந்தக்காரங்க ஊடுங்களா அத்தை?”

குனிந்த தலை, குனிந்தபடியே ஆடியது.