எடுக்காத எக்ஸ்ரே படம்

பேய், பில்லி, சூனியம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். ரெம்பியா ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், சாமியாடுவதையும் பேய் ஓட்டுவதையும் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாகிவிட்டது, ஒன்றிலும் நம்பிக்கை வரவில்லை. அதிலும் நான் பார்த்த வேலை எக்ஸ்ரே எடுப்பது. மனிதனுக்குள் எலும்பையும் காற்றையும் தவிர வேறு எதையும் நான் கண்டதில்லை. அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, நம்பவைக்கிற தெம்பும் இப்போது எனக்கு இல்லை.

தொண்ணூறுகளில் பாச்சாங்கில் டாக்டர் செல்வத்தின் கிளினிக்கில் இருந்தேன். அவருடன் படித்த ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நெஞ்சுப் படத்தைப் பார்த்து நோய் இருக்கும் இடத்தைத் தானே கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் ஒன்றை, சோதித்துப் பார்க்கச் சொல்லி எங்களிடம் விட்டுப் போயிருந்தார். பழைய நோயாளிகளின் படங்களைக் காட்டிக் காட்டி அதைப் பழக்கியிருந்தார்களாம். நான் பிலிமை ஸ்கேனரில் வைத்தால் திரையில் படம் வரும், சந்தேகமான இடத்தில் சிவப்பு வட்டம் விழும். பாதி நேரம் சட்டைப் பொத்தானைக்கூட நோய் என்று வட்டம் போடும், டாக்டர் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கோ இருக்கிற வேலையோடு இதுவும் ஒரு சுமை. ஈய அங்கியைப் போட்டுப் போட்டுத் தோள் ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது.

அன்று மத்தியானம் கொட்டுகிற மழையில் கரண்ட் போய்விட்டது. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார், நோயாளிகள் யாரும் இல்லை. பிலிம் கழுவுகிற இருட்டறையில் ஸ்டூலைப் போட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. எழுந்து வெளியே வந்தால், கம்ப்யூட்டர் திரை எரிகிறது. நம்பினால் நம்புங்கள், விளக்கு இல்லை, காற்றாடி சுற்றவில்லை, அந்தக் கம்ப்யூட்டருக்கு பேட்டரி என்று எதுவும் கிடையாது. திரையில் ஒரு நெஞ்சுப் படம். இடது பக்கத்தில் ஒரு விலா எலும்பு எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. இதயத்தின் நிழலுக்குள் சிவப்பு வட்டம். ஸ்கேனரைத் திறந்து பார்த்தேன், உள்ளே பிலிம் இல்லை. நிமிர்வதற்குள் திரை கறுத்துவிட்டது.

தூக்கக் கலக்கம் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் நியாலாஸிலிருந்து மாணிக்கம் என்று ஒருவர் வந்தார், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி டிரைவர், விடாத இருமல். படம் எடுத்துக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். அதே கோணல் விலா எலும்பு. கம்ப்யூட்டரில் வைத்தால் இந்தத் தடவை வட்டமே விழவில்லை. டாக்டரும் பார்த்தார்.

"லங்ஸ் கிளீன்லா. மருந்து குடுத்து அனுப்பிடலாம்."

"ஹார்ட்டுக்குப் பின்னால ஏதாச்சும் மறைஞ்சிருக்குமா டாக்டர்?"

"ஏன் கேக்குற கமலா?"

மழை நாளில் பார்த்ததை எல்லாம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன், சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, சைடுல ஒரு படம் எடு. ஒண்ணும் இல்லன்னா ஒரு பிலிம்தானே போச்சு."

எடுத்தோம். இதயத்துக்குப் பின்னால், நேர்ப்படத்தில் தெரியாத இடத்தில், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. டாக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார், அங்கே வெட்டி எடுத்தார்கள், பரவுவதற்கு முன்பே பிடித்ததால் மனிதர் பிழைத்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திரும்ப எடுக்க வந்தவர்களிடம் டாக்டர் விஷயத்தைச் சொல்லித் தேடிப் பார்க்கச் சொன்னார். மாணிக்கத்தின் படத்தை நான் வைப்பதற்கு முன்னால் அப்படி ஒரு விலா எலும்பு உள்ள படம் அதற்குள் எங்குமே இல்லை என்றார்கள்.

உடம்பு தேறியதும் மாணிக்கம் ஒரு பை ரம்புத்தானோடு என்னைப் பார்க்க வந்தார். மனசு கேட்காமல் விசாரித்தேன்.

"அண்ணே, நீங்க இதுக்கு முன்னால எங்கயாச்சும் எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா?"

"எங்க எடுத்தேன் தங்கச்சி. நீங்க படம் எடுத்ததுக்கு ரெண்டு மூணு நாள் முந்தி இங்க வாசல் வரைக்கும் வந்தேன். நல்ல மழை, லைட்டும் இல்ல. என்னத்தச் சொல்லுவாங்களோன்னு பயந்துகிட்டுக் கதவுகிட்டயே நின்னேன். நீங்கதான் உள்ளேருந்து சத்தம் குடுத்தீங்களே."

"நானா? என்னன்னு?"

"மூச்ச இழுத்துப் புடிங்கன்னு. உங்க கொரல்தான். நானும் புடிச்சேன். விடுங்கன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன், சொல்லவே இல்ல. மூச்சு முட்டிப்போயி, கெளம்பிட்டேன்லா."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த நேரம் நான் இருட்டறையில் கண்ணை மூடிக் கிடந்தேன், தனியாக.

வேலையை விட்டு வெகு காலம் ஆகிவிட்டது. இப்போதும் மத்தியானத்தில் கொஞ்சம் கண் அயர்ந்து விழித்தால், தூக்கத்தில் என் வாய் யாரிடம் என்ன சொன்னதோ என்று பயமாக இருக்கும். எழுந்து உட்கார்ந்து, ஆளில்லாத வீட்டில், சத்தமாகவே சொல்லிவிடுவேன், "விடுங்க, மூச்ச விடுங்க" என்று.