வாகியோ வீட்டு அரிசி டப்பா

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நான் குடிப்பதில்லை. அன்று தூக்கக் கலக்கமும் இல்லை, பகல் முழுக்கத் தூங்கியிருந்தேன். பார்த்தது நான் ஒருத்தன்தான். சாட்சி கேட்டால் என்னிடம் இல்லை.

சிட்னிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்து, பாதியில் விட்டவன் நான். பரமட்டா தாண்டி ஒரு பெரிய லாண்டரியில் நைட் ஷிப்ட். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புகிற இடம். என்னோடு அதே மெஷினில் நின்றவர் வாகியோ. ஜாவாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அங்கே வயதில் மூத்தவரைப் ‘பாக்’ என்பார்கள். நானும் பாக் என்றுதான் கூப்பிடுவேன்.

பாக்குக்கு ஊரில் ஒரு வீடு இருந்தது. வயலும் மூங்கில் தோப்பும் மட்டும் உள்ள சின்ன கிராமம். அப்பா விட்டுப்போன மனையில், இங்கே உழைத்து அங்கே கட்டிய வீடு. குடியிருக்க ஆள் இல்லை. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் லெஸ்தாரி நகரத்தில் வளர்ந்தவள், அங்கேயே நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். தம்பி பர்ஜோவுக்கு அந்த மனை மேல் கண். ‘பூட்டிக் கிடக்கிற வீடு, எனக்குக் கொடுங்கள்’ என்று கிராமத் தலைவரிடம் போய் நின்றான்.

வீட்டில் ஆள் இருப்பதாகக் காட்ட, பாக் ஒரு வேலை செய்தார்.

அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்ன டப்பா தொங்கும். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்காரர் அதில் ஒரு பிடி அரிசி போட வேண்டும். இரவு ரோந்து வருகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு போவார்கள். ஊர்ப் பொதுச் செலவுக்கு. அரிசி இருந்தால் ஆள் இருக்கிற வீடு. இல்லாவிட்டால் ரோந்து நிற்காமல் தாண்டிப் போய்விடும். பாக், மூங்கில் தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுமியாத்தி என்ற அம்மாவிடம் சொல்லி, ஆளில்லாத வீட்டு டப்பாவில் தினமும் அரிசி போட வைத்தார்.

வாசல் தூணில் ஒரு கேமரா. கதவையும் டப்பாவையும் பார்த்தபடி. சோலார், சிம் கார்டு. பிரேக் நேரத்தில் போனைத் திறந்து எனக்கும் காட்டுவார். நாலு பேர் வருவார்கள். தோளில் போர்த்திய லுங்கி, முகத்தை மறைக்கிற தொப்பி. ஒருவர் கையில் குடைந்த மூங்கில். டொக்... டொக்... என்று தட்டிக்கொண்டே வருவார். டப்பாவைச் சாக்கில் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். பாக்குக்கு முகம் மலர்ந்துவிடும்.

ஒருமுறை கேட்டேன். ராத்திரி ரோந்து போகிறவர்கள் ஒரு வார்த்தை பேச மாட்டார்களா, ஒரு பீடி பிடிக்க மாட்டார்களா என்று. கேமராவைப் பார்த்து வெட்கப்படுகிறார்கள் என்று சிரித்தார்.

ஜூன் மாதம். வெள்ளிக்கிழமை காலை தலைவர் நேரில் வந்து வீட்டைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஆள் இருந்தால் வீடு பாக்குக்கு. இல்லாவிட்டால் தம்பி கேட்டது நடக்கும். வியாழன் இரவே லெஸ்தாரி அங்கே தனியாகப் படுக்க வேண்டும். அன்று எனக்கு லீவு. பாக்குக்கு ஷிப்ட். உள்ளே போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட்டு பிரேக்கில் மட்டும்தான் எடுக்கலாம். கேமராவின் பாஸ்வேர்டை எனக்கு அனுப்பினார். கூடவே லெஸ்தாரியின் நம்பர்.

“சின்னப் பொண்ணு. தனியா இருக்கா. ஒரு கண்ணு வச்சுக்கோ,” என்றார்.

ஸ்ட்ராத்ஃபீல்ட் ஃபிளாட்டில் என் ரூம்மேட் பிரசன்னா கேலி செய்தான். “இங்க ராத்திரி முழிக்கிறது பத்தாதுன்னு ஜாவாவுக்கும் நீதான் வாட்ச்மேனா?” சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். திரையில் மூடிய கதவு. உள்ளே இருட்டு. தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே 2.40. அங்கே இரவு 11.40.

டொக்... டொக்...

சத்தம் முதலில் வந்தது. அப்புறம் நாலு பேர். வழக்கம்போல ஒருவர் டப்பாவைக் கழற்றி, சாக்கில் கவிழ்த்தார்.

ஒன்றும் விழவில்லை.

லெஸ்தாரி இருப்பதால் அவளே போடுவாள் என்று சுமியாத்தி விட்டிருக்க வேண்டும். நகரத்தில் வளர்ந்தவளுக்கு அந்தப் பழக்கம் தெரியாது. அவ்வளவுதான், இப்போது தாண்டிப் போய்விடுவார்கள் என்று பார்த்தேன்.

போகவில்லை.

நாலு பேரும் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அசைவே இல்லை. வீடியோ உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். ஓரத்தில் விநாடி ஓடிக்கொண்டிருந்தது.

மூங்கில் வைத்திருந்தவர் கதவில் தட்டினார்.

டொக்.

லெஸ்தாரிக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

டொக்... டொக்...

உள்ளே மஞ்சள் விளக்கு எரிந்தது.

கேமராவில் பேசுகிற பட்டனை அழுத்தினேன். கதவைத் திறக்காதே என்று ஆங்கிலத்தில் கத்தினேன். என் குரல் அந்த வாசலில் கரகரவென்று ஒலித்தது எனக்கே கேட்டது.

நாலு பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

கதவு ஒரு சாண் திறந்தது.

ஒரு கை வந்தது. மூடிய கை. அவர் நீட்டிய டப்பாவுக்கு மேலே விரிந்தது. அரிசி விழுகிற சத்தம்... தெளிவாகக் கேட்டது.

கை உள்ளே போனது. கதவு மூடவில்லை.

மூன்று பேர் நடக்கத் தொடங்கினார்கள்.

நாலாவது ஆள் செருப்பைக் கழற்றினார். வரிசையாக, ஓரமாக வைத்தார். வெளியே போய்விட்டு வீட்டுக்கு வருகிறவர் மாதிரி.

உள்ளே போனார்.

கதவு மூடியது.

விளக்கு அணைந்தது.

கத்தினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். அந்த வாசலில் என் குரல் மட்டும்...

லாண்டரி ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். எடுக்க ஆள் இல்லை. கிராமத்தில் வேறு யார் நம்பரும் என்னிடம் இல்லை. ஊர்ப் பெயரைக்கூட எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அங்கே போலீசைக் கூப்பிட்டாலும் என்ன மொழியில், எந்த இடம் என்று சொல்வது? கையில் வீடு தெரிகிறது. கதவு தெரிகிறது. ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிரசன்னாவை எழுப்பினேன். திட்டிக்கொண்டே கார் சாவியை எடுத்தான். வழியெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கதவு திறக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

லாண்டரி கேட்டில் சண்டை போட்டு பாக்கை வெளியே கூப்பிட்டபோது 3.25. நான் சொன்னதைப் பாதி கேட்டதுமே லாக்கருக்கு ஓடினார். அவசரத்தில் போனை இரண்டு தடவை கீழே போட்டார். சுமியாத்திக்கு அடித்தார். ரொம்ப நேரம் கழித்து அந்த அம்மா எடுத்தது. ஏதோ சொன்னது. பாக் ஸ்பீக்கரில் போட்டார்.

பேசியது லெஸ்தாரி. தூக்கக் குரல். பாக் அழுதுவிட்டார். அவர்கள் பேசியதை அப்புறம் எனக்குச் சொன்னார்.

அவள் அந்த வீட்டில் படுக்கவே இல்லை. அங்கே கரண்டுக்கு முன்கூட்டியே காசு கட்டி, மீட்டரில் நம்பர் போட வேண்டும். அது எப்போதோ தீர்ந்துவிட்டதாம். விளக்கு எரியவில்லை, போன் சார்ஜும் போய்விட்டது. பயந்துபோய், இருட்டுவதற்குள் வெளியே பூட்டிக்கொண்டு சுமியாத்தி வீட்டுக்குப் போய்விட்டாள். சாவி அவள் தலையணைக்கு அடியில்.

ரோந்துக்காரன் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறான், தலைவரை எழுப்பு என்று பாக் மகளிடம் கத்தியிருக்கிறார்.

“எந்த ரோந்துப்பா? அதெல்லாம் கொரோனாவோட நின்னு போச்சாம். இப்ப மாசத்துக்கு ஒரு தடவ போன்லயே பணம் கட்டிடுறாங்களாம்.”

சுமியாத்தி அரிசி போட்டது பாக் சொன்னதற்காக மட்டும். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருக்கிறது. காலையில் டப்பா காலியாக இருந்தால், குருவி தின்றது என்று விட்டுவிடுமாம்.

கேமரா பதிவைத் தேடினோம். 11.40க்குப் பதிவே இல்லை. ஏதாவது அசைந்தால்தான் அது பதிவு செய்யும். பாக் இத்தனை நாள் பிரேக்கில் நேரடியாகப் பார்த்ததோடு சரி, பழைய பதிவைத் தேடிப் பார்த்ததே இல்லை.

விடிந்ததும் லெஸ்தாரி சுமியாத்தியோடு போய்ப் பூட்டைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. தலைவர் வந்தார், அவளைப் பார்த்தார், வீடு வாகியோவுடையது என்று சொல்லிவிட்டுப் போனார். பாக் ஜெயித்துவிட்டார். அன்றே சுமியாத்தியிடம் இனி அரிசி போட வேண்டாம் என்றார். மகளை அந்தப் பக்கம் போகக்கூடாது என்றார். கேமராவின் சிம்மை நிறுத்தினார்.

நான் அதற்குப் பிறகு நைட் ஷிப்ட் போகவில்லை. இப்போது பகலில் பெட்டி தூக்குகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் பாக் என்னைப் பார்க்க வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். வீட்டைத் தம்பிக்கே கொடுத்துவிட முடிவு செய்து, சும்மா எடுத்துக்கொள் என்று பர்ஜோவுக்குப் போன் செய்திருக்கிறார். அத்தனை வருடம் அதற்காகச் சண்டை போட்டவன், வேண்டாம் என்றுவிட்டான்.

அவன் சொன்னதை பாக் அப்படியே என்னிடம் சொன்னார்.

“குடியிருக்கிற வீட்டை எனக்கு எதுக்குத் தர்ற? சாயங்காலமானா விளக்கு எரியுது. டப்பாவுல அரிசி இருக்கு. ராத்திரியில வாசல்ல செருப்பு கிடக்கு. வாடகைக்கு விட்டதை ஊர்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”