மழை கேட்டேன், பனி தந்தார்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நான் ஆண்டவரிடம் சண்டை போட்டு ஜெபிக்கிறவள். என் சாட்சியும் அப்படித்தான் இருக்கும்.

என் கணவர் மஸ்கட்டுக்குக் கொத்தனார் வேலைக்குப் போன இரண்டாம் வருஷம், நன்னிலம் பக்கம் மூன்று மா நிலம் வாங்கினோம். ஒரே ஒரு ஏக்கர். வாய்க்காலின் கடைசி வயல். தண்ணீர் ஒழுங்காக வராது என்பதால்தான் எங்கள் சக்திக்கு ஏற்ற விலையில் கிடைத்தது. ஆள் வைக்க வழியில்லை. தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்த நான் மண்வெட்டி பிடித்தேன்.

முதல் சம்பா நெல் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் வற்றியது. பாதி நெல் பதர். பிறகு எட்டிப்பார்த்த தண்ணீர் மண்ணைத்தான் நனைத்தது. கணவரின் அண்ணன், என் மச்சான், நிலத்தைத் தனக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். எஸ்டிடி பூத்தில் பேசியபோது கணவரும் தளர்ந்துவிட்டார். அடுத்த விளைச்சலும் தேறாவிட்டால் கொடுத்துவிடலாம் என்றார். பூத்தை விட்டு வெளியே வந்து ரோட்டிலேயே அழுதேன்.

அந்தத் தை மாதமே, மிஞ்சிய நெல்லை அறுக்கும் முன், வயல் ஈரம் காயாமல் மெழுகு பதத்தில் இருந்தபோது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்தேன். மச்சான் வரப்பில் நின்று பார்த்தார்.

"ஒரு மழையாவது வேணும். எதை நம்பிம்மா தெளிக்கிற?"

"நீங்க கும்பிடுற அதே ஆண்டவரத்தான் மச்சான்."

வாய்தான் அப்படிப் பேசிவிட்டது. நெல்லை அறுத்த பிறகு, தினமும் வரப்பில் முழங்கால் போட்டு மழை கேட்டேன். நிலத்தைக் கொடுத்தவர் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்று வாதாடினேன். மழை வந்தது. மேற்கே, மச்சானின் வயலில் கொட்டியது. என் வயலுக்கு ஒரு சொட்டு இல்லை. கோபத்தில் ஒரு வாரம் ஆண்டவரோடு பேசவே இல்லை.

அந்த வாரத்தில்தான் மச்சானின் உளுந்து தேங்கிய தண்ணீரில் வேர் அழுகிச் செத்தது. என் வயலில் விடியற்காலை நடந்தால் முழங்கால் வரை சேலை நனைந்தது. பனி. அந்தப் பனியைக் குடித்தே என் உளுந்து பூத்தது, காய்த்தது. நான் கேட்டதைக் கொடுத்திருந்தால் என் உளுந்தும் அழுகி, நிலமே போயிருக்கும். வெட்கமாக இருந்தது. ஸ்தோத்திரம் சொன்னேன்.

களத்தில் உளுந்தைத் தூற்றும்போது மச்சான் வந்தார். நிலத்தைப் பற்றித்தான் கேட்க வந்திருப்பார்.

"நிலம் தர்றதா இல்ல மச்சான். விதை வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு போனார். இன்றும் அதே கடைசி வயலில்தான் நிற்கிறேன். இருப்பதை விட்டுவிடு என்று உங்களிடம் சொல்கிறவர்கள் சொல்லட்டும். நீங்கள் விதையைத் தெளியுங்கள். எப்படி நனைப்பது என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள்.