ஜன்னலுக்கு முன்னால் ஏறிய குழாய்

யாத்விகாவின் சமையலறைத் தரையில் விழுந்த உருளைக்கிழங்கைக் கழுவாமலே தின்னலாம் என்பார்கள் எங்கள் தெருவில். மில்வாக்கி ஆஸ்பத்திரிச் சமையலறையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் கீழ்த்தளம் அவளுக்கு, மேல்தளம் தம்பி ஃப்ளோரியனுக்கு. சுத்தம்தான் அவள் கர்வம். தம்பி மனைவி மார்லீன் அதில்தான் கை வைத்தாள்.

போன இலையுதிர் காலத்தில் மேலே சமையலறையைப் பிரித்துக் கட்டினார்கள். நடுச்சுவர் போயிற்று. தேவாலயக் கோபுரம் தெரிகிற மாதிரி பெரிய ஜன்னல் வந்தது. வருகிறவர்களை எல்லாம் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள் மார்லீன்.

அதற்குப் பிறகு மேலே பாத்திரம் கழுவினால் கீழே யாத்விகாவின் சிங்க் கொடகொடவென்று குமுறும். ஓட்டையிலிருந்து சாக்கடை நாற்றம் கிளம்பும். வினிகர், சோடா மாவு, கொதிநீர் எதற்கும் அடங்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில், காளான் சூப் பரிமாறும் நேரம் பார்த்து அந்த நாற்றம் வந்தது. கரண்டிகள் நின்றன.

"அண்ணிக்கு வயசாயிடுச்சு, பாவம். முன்ன மாதிரி தேய்ச்சுக் கழுவ முடியல போல," என்றாள் மார்லீன், மேசைக் கடைசிவரை கேட்கும்படி. ஃப்ளோரியன் சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். உறவுக்காரர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு சீக்கிரமே கிளம்பினார்கள்.

ஜனவரியில் பெரும்பனி. எதிர்வீடு என்னுடையது. நானும் யாத்விகாவும் நடைபாதையில் பனி அள்ளிக்கொண்டிருந்தோம். திடீரென்று மண்வெட்டியை ஊன்றிக் கூரைகளைப் பார்த்தாள். எல்லா வீட்டுக் காற்றுக்குழாயைச் சுற்றியும் பனி உருகி வட்டமாய்க் கிடந்தது. சாக்கடைக் கதகதப்பு அந்த வழியாகத்தான் வெளியேறும். அவள் வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் பனித்தொப்பி போட்டு நின்றது.

"அது செத்துப்போச்சு, பாரு. எவனோ கழுத்த நெரிச்சிருக்கான்."

பிளம்பர் டெல்மார் வந்து பார்த்தான். மேலே சுவரை இடித்தவர்கள் அதற்குள் ஏறிய காற்றுக்குழாயை அறுத்து, மேல்வீட்டுத் தரைக்கடியில் மூடி போட்டிருந்தார்கள். "மேல அவங்க சிங்குக்கு காத்து வாங்குற குட்டி வால்வு ஒண்ணு வச்சுட்டாங்க, அவங்களுக்குப் பிரச்சினையில்ல. அங்கேர்ந்து தண்ணி இறங்குறப்ப காத்தத் தள்ளும். அதுக்குப் போக வழியில்ல. உங்க வீட்டுக்குள்ள வருது."

நகராட்சி ஆய்வாளர் வந்தார். குழாய் மறுபடி கூரைக்கு ஏறியாக வேண்டும் என்றார்.

"புதுசாப் பூசின சுவத்த உடைக்க விடமாட்டேன்!" என்று கத்தினான் ஃப்ளோரியன். "வெளிய எங்க வேணா ஏத்திக்கோ. என் வீட்டுக்குள்ள கை வைக்காத!"

"எங்க வேணாலுமா?"

"எங்க வேணாலும்!"

"எழுதிக்குங்க சார்," என்றாள் யாத்விகா. ஃப்ளோரியன் கையெழுத்தே போட்டான்.

பனி விட்டதும் வேலை தொடங்கியது. "பின்பக்கமா வளைச்சுக் கொண்டுபோலாம்," என்றான் டெல்மார்.

"வளைவு வேண்டாம். சிங்க்லேர்ந்து நேரா ஏத்து."

நேர் மேலே அந்த ஜன்னல். வெறும் குழாயாக விட்டால் குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பஞ்சு வைத்துப் பலகைப் பெட்டி அடிக்க வேண்டும்.

"பெட்டி எவ்ளோ அகலம்? ஒரு சாண் போதுமே," என்றான் டெல்மார்.

"நம்ம ஊர்க் குளிருக்கா? பீரோ அகலத்துக்கு அடி."

பலகை ஜன்னலின் கீழ் விளிம்பைத் தொட்டபோது மார்லீன் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள். பின்னாலேயே ஃப்ளோரியன். "அக்கா, நான் அப்படி நினைச்சுச் சொல்லல. நிறுத்தச் சொல்லு, நாங்களே சுவத்த உடைக்கிறோம்."

சுத்தியல் சத்தத்துக்கு அக்கம்பக்கம் எல்லாம் வெளியே வந்திருந்தது. யாத்விகா மார்லீனைப் பார்த்தாள். "அந்த நாத்தம் யாரோடது? சொல்லு."

"எங்களோடது," என்றாள் மார்லீன், தரையைப் பார்த்து.

"கேக்கல."

"எங்களோடதுதான்! நாங்க பண்ண வேலைதான்! போதுமா?"

டெல்மார் ஏணியிலிருந்து குனிந்தான். "அப்ப நிறுத்திடட்டுமா?"

"எதுக்கு? நல்லாத்தானே போயிட்டிருக்கு. ஏத்து."

சாயங்காலம் சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து அடைப்பை எடுத்தாள். சத்தமே இல்லாமல் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை தெருவையே சூப்புக்குக் கூப்பிட்டாள். ஒருவர் விடாமல் போனோம், இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டோம். மேல்வீட்டுச் சமையலறையில் இப்போது பகலிலும் விளக்கு எரிகிறது.