முழு ஆரோக்கியம் என்று டிக் அடித்தவள்

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஆறு வருடம் சுற்றிவிட்டு வந்தவள் என்பதால், ஆய்வகத்தில் அவளுக்குச் சக்கரம் என்றே பெயர். பல கடற்கரைகளில் வெறுங்காலோடு நடந்த பெருமையைக் கேட்க ஆளில்லை. இப்போது தட்டுகளில் வளரும் உயிரணுக்களுக்கு நாள் தவறாமல் தீனி மாற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் அக்கா என்று கூப்பிடும் ஆராய்ச்சி மாணவியின் ஆய்வுக்கானவை அவை. ஒருவர் தந்த ரத்தத்திலிருந்து வளர்த்த மேக்ரோஃபேஜ்கள். கிருமியைக் கண்டால் விழுங்கும் காவல்காரர்கள். குடலில் புழு வந்தால் கதை வேறு. யானையை எறும்பு விழுங்குமா? அப்போது உடம்பு இன்டர்லூகின்-4 என்ற சமிக்ஞையை அனுப்பும். காவல்காரன் கம்பைப் போட்டுவிட்டுக் கொத்தனாராகி, புழு குடைந்த இடத்தைப் பூசத் தொடங்குவான். கொத்தனார்கள் மட்டும் பச்சையாக ஒளிரும்படி அக்கா சாயம் ஏற்றுவாள். சமிக்ஞை ஊற்றிய தட்டு ஒளிர வேண்டும். ஊற்றாத தட்டு இருட்டாக இருக்க வேண்டும்.

ஊற்றாத தட்டும் ஒளிர்ந்தது. மூன்று முறை.

"ஏண்டி சக்கரம், குழாயை மாத்தி ஊத்திட்டியா?"

"சத்தியமா இல்லக்கா."

"அடுத்த மாசம் ஆய்வேட்டைக் குடுக்கணும். இது சரியாகலேன்னா நாலு வருஷ உழைப்பும் போச்சு."

சக்கரம் குளிர்பெட்டியைச் சந்தேகப்பட்டாள். தரை துடைப்பவரைக்கூட விடவில்லை. கடைசியாக, ரத்தம் தந்தவரின் படிவத்தை எடுத்தாள். ‘முழு ஆரோக்கியம்’ என்ற கட்டத்தில் தடித்த டிக். கீழே அவளுடைய கையெழுத்து. ஆள் கிடைக்காமல் அக்கா தவித்தபோது கையை நீட்டிய வள்ளல் அவளேதான்.

வெறுங்கால், காலைத் துளைத்துப் புழு ஏறும் ஈர மண், பல மாதமாக வயிற்றுவலி. பழியை அம்மாவின் சமையல்மேல் போட்டிருந்தாள். ஊற்றாத சமிக்ஞையை அவள் உடம்பே முன்கூட்டி ஊற்றியிருந்தது. புழு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மேதாவிக்கு இது உறைக்க எட்டு மாதம் ஆயிற்று.

மறுநாள் காலை தன் மல மாதிரி அடைத்த ஒரு டப்பாவோடு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா நுண்ணோக்கியில் குனிந்தாள்.

"கொக்கிப்புழு முட்டை. ஒண்ணு ரெண்டு இல்லடி, குடும்பமே நடத்துது."

"மன்னிச்சிடுக்கா. ஆறு வருஷத்துல நான் சேத்த சொத்து அவ்வளவுதான்."

அக்கா சிரிக்கவில்லை. "பேராசிரியர்கிட்ட பதினஞ்சு நாள் கேக்குறேன். நல்ல ரத்தத்துக்கு என் வீட்டுக்காரரைப் புடிக்கணும். ஊசியைப் பாத்தாலே மயங்குவாரு."

சக்கரம் குற்ற உணர்ச்சியோடு பூச்சி மாத்திரையைப் பிரித்தாள்.

"அதை உள்ள வை! ஒப்பிட்டுப் பாக்க, புழு உள்ளவங்க ரத்தத்துக்கு ரெண்டு வருஷமா நாயா அலைஞ்சேன். மூணு குழாய் குடுத்துட்டு அப்புறமா முழுங்கு."

சக்கரம் சட்டைக்கையை மடித்தாள்.